நாற்பதடிக் கல்

மாசி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில் பூவாத்தாள் காப்பிக்குப் பால் வைக்க அடுக்களைக்குப் போனபோது, பத்து நாளுக்கு முன் புதிதாகப் போட்டிருந்த சமையல் மேடைக் கல் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் நாலு விரற்கடை வளர்ந்து போயிருந்தது. சுவர் வெடிக்கவில்லை, காரை உதிரவில்லை, ஒரு பொட்டுத் தூசிகூடக் கீழே கிடக்கவில்லை. பிசைந்த மாவுக்குள் கரண்டிக் காம்பு போவதுபோலக் கல் செங்கலுக்குள் போயிருந்தது, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவரும் விலகிக் கொடுத்துச் சின்ன மாடம்போல ஆகியிருந்தது. பூவாத்தாள் அதைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், பொங்க வந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, உப்பு ஜாடி வைக்க இத்தனை வருசமாக இந்த வீட்டில் தோதான இடமில்லாமல் இருந்தது என்று நினைத்து ஜாடியை எடுத்து அந்த மாடத்தில் வைத்தாள்.

மறுநாள் மாடம் இன்னும் நாலு விரற்கடை ஆழமாயிருந்தது. அவள் மிளகாய்த்தூள் டப்பாவையும் வைத்தாள்.

“ஏனுங்க, நம்ம கல்லு வளருதுங்க,” என்றாள் புருசனிடம்.

நாச்சிமுத்து மில்லில் முப்பது வருசம் ஃபிட்டராக இருந்தவர். இரும்பு சூட்டில் நீளும் என்பது அவருக்குத் தெரியும். “வெயில் ஏறுதல்ல, அதான்,” என்றவர் பேப்பரைத் திருப்பினார்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு மில்லின் பின்புறத்தில், அந்த மில்லுக்காரர்கள் ஒரு காலத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகள் அவை. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஐந்து வீடு வரிசையாக நிற்கும். ஐந்துக்கும் அடுக்களை பின்பக்கம், ஐந்துக்கும் மேடை ஒரே சுவரோரம், ஒரே உயரம். மில் மூடிய பிறகு இருந்தவர்களே விலைக்கு வாங்கிக் கொண்டார்கள். முதல் வீடு பூவாத்தாளுடையது. மில் கேண்டீனில் இருபத்தி நாலு வருசம் சமைத்தவள் தன் வீட்டில் மட்டும், பெயர்ந்து பெயர்ந்து பல்லிளித்த சிமெண்டு மேடையில்தான் முப்பது வருசமாகச் சமைத்துக் கொண்டிருந்தாள். இந்த வருசம் பொங்கல் கழிந்ததும், இனிமேல் பொறுக்க முடியாது என்று திருச்சி ரோட்டில் இருக்கும் கல் கடைக்குப் புருசனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரத் தம்பி முதலில் கிரானைட் காட்டினான். கருப்பில் வெள்ளிப் பொடி தூவியது, சிவப்பில் கருப்புப் புள்ளி போட்டது, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. கறை பிடிக்காது, கீறல் விழாது என்றான். பிறகு குவார்ட்ஸ் காட்டினான். பாலில் முக்கி எடுத்ததுபோல வெள்ளையாக இருந்தது. “அடுப்புல இருந்து இறக்குன சட்டியை மட்டும் நேரா வெச்சறாதீங்க்கா, மஞ்சப் பூத்துரும்,” என்றான். சட்டியை வைக்கக் கூடாத மேடையில் வேறு எதை வைப்பது என்று பூவாத்தாளுக்குப் புரியவில்லை. மார்பிளைக் காட்டினான். எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் மினுமினுப்பைத் தின்றுவிடும் என்று அவனே சொல்லிவிட்டான். அவள் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தாள், எடுத்துக் கொண்டாள். நாச்சிமுத்துவுக்குக் கால் வலித்தது.

கடையின் பின்னால், நெருஞ்சி முளைத்துக் கிடந்த இடத்தில், சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கடப்பாக் கல் அவள் கண்ணில் பட்டது. எட்டடி நீளம், மழையில் நனைந்து வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. கையை வைத்தாள். எடுக்கவில்லை.

“அது பழசுங்க்கா. எங்கியோ இடிச்ச கட்டடத்துல வந்தது. மாட்டுக் கொட்டாய்க்கு வேணாப் போடலாம்.”

“இதையே போட்ரு கண்ணு.”

“புளித்தண்ணி பட்டா வெள்ளைத் தழும்பு விழுந்துரும். அப்பறம் வந்து என்னையச் சொல்லக் கூடாது.”

“புளி பட்டா ஒடனே ஈரத்துணியில தொடச்சறோணும். வாரத்துக்கு ஒருக்கா தேங்காயெண்ணெய் தொட்டுத் தேச்சா கருகருன்னு ஆயிரும். எனக்குத் தெரியும், நீ ஏத்தி அனுப்பு,” என்றாள்.

அந்தக் கல்தான் நாலாம் நாள் சுவரைக் கடந்து இரண்டாம் வீட்டு அடுக்களையில் தலை நீட்டியது.

இரண்டாம் வீட்டில் அம்பலவாணர் தனியாக இருந்தார். மில்லில் ஆட்களின் வேலை நேரம் குறிக்கும் டைம்கீப்பராக இருந்தவர். சுத்த சைவம், தானே சமைத்துக்கொள்பவர். தம் மேடையின் மேல் ஒரு கல் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவர் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு டேப்பை எடுத்து அளந்து சுவரில் பென்சிலால் தேதி போட்டுக் குறித்தார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அளப்பது அவர் வேலையாயிற்று. “இன்னைக்கும் நாலு வெரக்கடை. சரியா வந்துட்டான்,” என்று மாடத்தின் வழியாகக் குரல் கொடுப்பார். ஷிப்டுக்குத் தாமதிக்காத தொழிலாளியிடம் காட்டும் மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

கல் அவருடைய அடுக்களையில் இரண்டடி போனபோது அதன் மேல் அரை நிலா வடிவத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு தெரிந்தது. அம்பலவாணர் கூப்பிட்டுப் பூவாத்தாள் போய்ப் பார்த்தாள். சுண்டு விரலை அந்தத் தழும்பின் வளைவில் வைத்து நகர்த்தினாள். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், எண்ணூறு பேர் சாம்பாருக்குக் கரைத்த புளி அண்டா சாய்ந்து, துடைக்க ஆளில்லாமல் அரை நாள் நின்ற இடம் அது. அண்டாவைச் சாய்த்தவள் அவளேதான்.

“கேண்டீன் கல்லுங்க இது,” என்றாள். “நாற்பதடி. தன்னோட நீளத்துக்கு வளந்துட்டுப் போகுது.”

அம்பலவாணர் மனக்கணக்குப் போட்டார். “அப்ப ஆனி மாசம் அஞ்சாவது வூட்ல போய் நிக்கும்.”

பூவாத்தாள் சட்டென்று தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஐந்தாவது வீடு தெய்வானையுடையது.

அந்தக் கேண்டீனில் விடிகாலைச் சங்கு ஊதும் முன்னால் நாற்பதடிக் கல்லும் கழுவித் துடைக்கப்பட்டுப் பளபளவென்று கிடக்கும், பதினொரு பெண்கள் அதன் ஓரமாக வரிசையாக நிற்பார்கள், இந்தக் கோடியில் பூவாத்தாள் மாவைப் பிசைந்து உருட்டி நகர்த்த அடுத்தவள் தேய்க்க அதற்கடுத்தவள் சுட, அந்தக் கோடியில் தெய்வானை வெங்காயத்தை நறுக்கிக் குவித்து இந்தப் பக்கம் தள்ள, தட்டுகளும் கிண்ணங்களும் கல்லின் மேல் அங்கும் இங்கும் வழுக்கிக்கொண்டு ஓட, கண்ணாடி சன்னல் முழுக்க இட்லி ஆவி படிந்து, பஞ்சு தலையோடு முதல் ஷிப்டு உள்ளே வரும்போது அந்த இடமே ஒரு பெரிய வீட்டின் கல்யாண நாள் மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் கல்லைத் துடைக்கிற வேலை பூவாத்தாளுக்கும் தெய்வானைக்கும். இரண்டு கோடியிலிருந்தும் துடைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். அங்கே கல்லில் சாய்ந்து நின்று ஆளுக்கொரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

பிறகு மில் மூடப் போகிறது என்ற பேச்சு வந்தது. எல்லோரும் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றது நிர்வாகம், ஒருத்தரும் போடுவதில்லை என்று சங்கத்தில் முடிவானது. பந்தலில் இருந்தவர்களுக்குத் தொண்ணூறு நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்கள் பூவாத்தாளும் தெய்வானையும். தொண்ணூற்றியோராம் நாள் காலையில் தெய்வானை பந்தலுக்கு வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதோடு பந்தல் சரிந்தது. மூன்றே மாதத்தில் பூவாத்தாள் உள்பட அத்தனை பேரும் போட்டார்கள், ஆனால் முதல் ஆள் என்ற பேர் தெய்வானைக்குத்தான் நின்றது. அம்பலவாணர் மைக்கைப் பிடித்து, “துரோகி” என்று சொன்ன சொல் லைன் முழுக்கக் கேட்டது. பூவாத்தாள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். பதினேழு வருசம். கடைக்குப் போகும்போது ஐந்தாவது வீட்டு வாசலைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதற்காக மேற்கே சுற்றிக்கொண்டு போவாள்.

பங்குனியில் கல் மூன்றாம் வீட்டுக்குப் போனது. அங்கே ஜெனிட்டா டீச்சர். கிறிஸ்துமசுக்குத்தான் ஆசை ஆசையாய் வெள்ளைக் குவார்ட்ஸ் போட்டிருந்தாள். கருப்பு வர வர வெள்ளை இல்லாமல் போனது; தினமும் நாலு விரற்கடை. அவள் மேடையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதாள்.

“ஏன்க்கா, உங்க கல்லை உங்க வூட்லயே வெச்சுக்கக் கூடாதா?” என்று மாடத்தின் வழியாகக் கேட்டாள்.

“நான் என்ன அதைப் புடிச்சுத் தள்றேனா சாமி?” என்றாள் பூவாத்தாள்.

ஒரு வாரம் போனது. அவசரத்தில் ஒரு நாள் ஜெனிட்டா கொதிக்கிற குக்கரைத் தூக்கிக் கல்லின் மேல் அப்படியே வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக் கொண்டாள். எடுத்துப் பார்த்தாள், ஒரு வட்டம்கூட விழவில்லை. அன்று சாயங்காலம், “எண்ணெய் எப்படிக்கா தேய்க்கிறது?” என்று அவளே கேட்டாள்.

அப்படித்தான் சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பது லைனில் வழக்கமாயிற்று. கல்லின் மேல் எலுமிச்சம்பழம் நறுக்குவதில்லை, பலகை வைத்துத்தான் நறுக்க வேண்டும். புளி சிந்தினால் சிந்தியவர் துடைக்கிற வரைக்கும் பக்கத்துக் கைகள் காத்திருக்கும். ஆம், கைகள்தான், ஒரு சாண் மாடத்தின் வழியே ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, முழங்கை வரைக்கும்தான் தெரியும். கொஞ்ச நாளில், மருதாணி போட்ட கை இன்னார், நகத்தில் சாக்பீஸ் தூள் இருப்பது இன்னார் என்று கைகளைப் பார்த்துக் குசலம் விசாரித்தார்கள். கடுகு தீர்ந்தால் தெருவுக்குப் போவதில்லை. மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், சுவரில் துளை போட அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார், கல்லை அளந்தார், மூன்றாம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கு வழுக்கி வந்த டீயைக் குடித்தார், “இதுக்குன்னு ஃபாரம் எதுவும் இல்லீங்களே,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்திரைக் கடைசியில் நாலாவது வீடு. அங்கே சுலைகா பீவி. மகன்கள் திருப்பூரில், அவள் மட்டும் இங்கே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி. முதல் ஞாயிறே வாசம் கல்லோடு வழுக்கி அம்பலவாணரிடம் போனது. அவர் தம் அடுக்களையின் கோடியில், கல்லின் குறுக்கே சாக்பீசால் ஒரு கோடு இழுத்தார். தினமும் குளித்ததும் கோட்டைப் புதுப்பித்தார். வைகாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்து ஏழு மணிக் குரல் மூன்று நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சுலைகா ஒரு கிண்ணம் கஞ்சியை ஜெனிட்டாவிடம் தள்ள, ஜெனிட்டாவின் கை கோட்டருகில் வந்து நின்றது.

“அய்யா, கஞ்சி வந்திருக்குது. கோட்டைத் தாண்டலாமா?”

உள்ளேயிருந்து இருமல் சத்தம். “அதுல என்ன போட்டிருக்குது?”

“பூண்டும் சீரகமும்தான் அய்யா,” என்றாள் சுலைகா இரண்டு வீட்டுக்கு அப்பாலிருந்து.

“அப்பத் தள்ளு.”

கிண்ணத்தின் அடி கோட்டை நடுவில் அழித்துக்கொண்டு போனது. அவர் அதை மறுபடி போடவில்லை.

ஆனி பிறந்தது. கல் ஐந்தாவது வீட்டை நெருங்க நெருங்க லைனில் பேச்சுக் குறைந்தது. பூவாத்தாள் புருசனிடம் போய் நின்றாள்.

“ஏனுங்க, நாலாவது வூட்டோட இதை நிறுத்த ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

“வளர்ற சீவனை எங்க புள்ள நிறுத்தறது?” என்றார் நாச்சிமுத்து.

அவள் கேட்கவில்லை. கல் அறுக்கிற ஆளைத் தானே போய்க் கூட்டி வந்தாள், சுலைகா முகத்தைச் சுளித்துக்கொண்டு வழிவிட்டாள், மெஷின் அரை மணி நேரம் கத்தியது, சுவரோரமாக ஒரு முழம் கல் அறுபட்டு வந்தது. மறுநாள் காலை அம்பலவாணர் சுலைகா வீட்டுக்கே போய் அளந்தார். அறுத்த முழமும் வளர்ந்திருந்தது, அன்றைய நாலு விரற்கடையும் வளர்ந்திருந்தது.

“ஏன் பூவா இந்தப் பாடு படறே?” என்றாள் சுலைகா. “அந்தப் பக்கம் அவ தன்னோட பழைய மேடையைக் கடப்பாரை போட்டு இடிச்சு எடுத்தாச்சு. ஒரு வாரமாத் தரையில உக்காந்துதான் ஆக்கித் திங்கறா. எடம் உட்டு வெச்சிருக்கறா.”

பூவாத்தாள் அறுபட்ட துண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாலு நாளும் அடுப்படியில் மாடத்துக்கு முதுகு காட்டி நின்றே சமைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேடையின் மேல் வெளிச்சம் மாறியது. கிழக்கு ஓரத்திலிருந்து ஐந்தாவது வீட்டுச் சன்னல் வெயில் நாலு மாடங்களையும் கடந்து கல்லின் மேல் வழிந்து அவள் அரிசி களைந்துகொண்டிருந்த இடம் வரைக்கும் வந்தது. அவள் குனியக் கூடாது என்றுதான் நினைத்தாள். குனிந்துவிட்டாள். அந்தக் கோடியில் இரண்டு கைகள் தெரிந்தன. மெலிந்து நரம்பு புடைத்துப்போன கைகள், இடது மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட பழைய வடு. துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தன, முன்னால் இரண்டு தரம், பின்னால் ஒரு தரம். பூவாத்தாள் நிமிர்ந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். மூன்று தீக்குச்சி ஆனது.

ஐந்தாவது வீட்டில் கொஞ்ச தூரம் போனதும் கல் நின்றது. அம்பலவாணர் அளந்து, “நாற்பதடி. முடிஞ்சுது,” என்றார். அதன்பின் ஏழு மணிக்கு அவருக்கு வேலை இல்லாமல் போனது. ஐந்தாவது வீட்டிலிருந்து வருகிற சாமான் சுலைகாவோடு நின்றது. முதல் வீட்டிலிருந்து போகிறது அதற்கப்பால் போகவில்லை. இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் அடுக்களையில் இருக்கும் நேரம். நாலு வீட்டிலும் ஏதோ தாளித்துக் கொண்டிருந்தார்கள்.

“பூவா.”

குரல் கல்லின் மேல் தண்ணீர் மாதிரி ஓடி வந்தது. சத்தமான குரல் இல்லை, ஆனால் நாற்பதடிக்கும் கேட்டது. நாலு கரண்டியும் நின்றன.

“பூவா, நீ பேச வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளு. எம்பையனுக்கு நோவு, அதுக்காகத்தான் போட்டேன்னு அப்பக் கொஞ்சப் பேரு எனக்காகச் சொன்னாங்க. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குச் சலிச்சுப் போச்சு. தொண்ணூறு நாளா அந்தக் கஞ்சி அண்டாவைக் கிண்டிக் கிண்டிச் சலிச்சுப் போச்சு. காத்தால எந்திரிச்சேன், அண்டாவைக் கண்ணுல பாக்கப் புடிக்கல. போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்து படுத்துத் தூங்கிட்டேன். அவ்வளவுதான்.”

பூவாத்தாள் இரண்டு உள்ளங்கையையும் கல்லில் ஊன்றினாள். இதைப் பதினேழு வருசமாக நாச்சிமுத்துவிடம்கூட அவள் சொன்னதில்லை. சொன்னால் தெய்வானைக்கு மட்டும் கேட்காது, நாலு வீட்டுக்கும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். மாடத்தின் பக்கம் குனிந்தாள்.

“நானும் அன்னிக்குப் போடறதாத்தான் இருந்தேன் தெய்வா,” என்றாள். “முந்தின நாளே முடிவு பண்ணிட்டேன். நல்ல சேலை எடுத்துக் கட்டிட்டு, பேனாவை இடுப்புல சொருகிட்டு ஆபீசுக்குப் பொறப்பட்டு வந்தேன். நீ அங்கிருந்து எறங்கி வந்துட்டிருந்தே. அப்படியே திரும்பிப் பந்தலுக்குப் போயிட்டேன். நீ அரை மணி நேரம் தாமசமா எந்திரிச்சிருந்தா அந்தப் பேரு எனக்குத்தான். உன்னையத் திட்டித் திட்டியேதான் இத்தனை வருசமா நான் நல்லவளா இருந்தேன்.”

சுலைகா வீட்டில் என்னவோ தீயும் வாசம் வந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வீட்டில் தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

“நான் எம்பத்தெட்டாம் நாளே போட்டுட்டேன்,” என்றார் அம்பலவாணர். “தபால்ல.”

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். “அடக் கொடுமையே! மைக்கைப் புடிச்சுத் துரோகின்னு கத்துனது நீங்கதானுங்களே!”

“நாந்தான்,” என்றார் அம்பலவாணர். அவருடைய கைகள் கல்லின் மேல் விரித்தபடி கிடந்தன. “தெய்வானை, நாந்தான் கத்துனேன். தப்பு.”

“எதுலங்க கையெழுத்து?” என்று ஜெனிட்டா கேட்டாள். அந்த வருசம் அவள் எட்டாம் வகுப்பு. முதலில் சுலைகாதான் சிரித்தாள், தீய்ந்த சட்டியை இறக்கிக்கொண்டே, வாயைப் பொத்திப் பொத்திப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பிறகு நாச்சிமுத்து. ஐந்தாவது வீட்டிலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வெகுநேரம் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“பூவா,” என்றது அந்தக் குரல். “கொத்தமல்லி இருந்தாக் கொஞ்சம் தள்ளு. சட்டினிக்குப் பத்தல.”

பூவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காலையில் வாங்கிய இரண்டு கட்டில் ஒன்றைப் பிரித்து, வேரைக் கிள்ளி, கழுவி உதறி, கல்லின் மேல் வைத்துத் தள்ளினாள். அம்பலவாணரின் கை ரசத்துக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு தள்ளியது. ஜெனிட்டாவின் கை கொஞ்சம் எடுத்தது. சுலைகாவின் கை தாராளமாகவே எடுத்துக்கொண்டது.

“இதென்ன பூவா, மூணே மூணு காம்பு வந்திருக்குது!”

பூவாத்தாள் அடுப்பைத் தணித்தாள். மற்ற கட்டை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக இறங்கினாள், செருப்பைத் தேடவில்லை, மேற்கே சுற்றவில்லை. அம்பலவாணர் வீடு, டீச்சர் வீடு, சுலைகா வீடு என்று கிழக்கே நடந்து ஐந்தாவது வீட்டுக்குள் நுழைந்து, நேரே பின்கட்டுக்குப் போய், கல் முடிகிற இடத்தில் தெய்வானையின் பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டை வைத்தாள்.

“நகரு,” என்றாள். “கத்தி எங்க வெச்சிருக்கறே?”